யாருடைய செல்வாக்கின் கீழ்

ஜூலை 7, செவ்வாய்

இந்த நோட்டுக்குப் புவியியல் அட்டை போட்டிருக்கிறேன். புவியியலை இந்த வீட்டில் யாரும் தொடமாட்டார்கள், நான் உள்பட.

இன்று இங்கிலீஷ் டீச்சர் பலகையில் பத்து வார்த்தை எழுதினார். பவர், அத்தாரிட்டி, இன்ஃப்ளூயன்ஸ், கன்ட்ரோல், பிரஷர், ஹோல்ட், ஸ்வே, லெவரேஜ், க்ளௌட், டாமினன்ஸ். பத்துக்கும் அதிகாரம் என்று எழுதினால் பத்துக்கும் முட்டைதான் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஒவ்வொன்றையும் வைத்து அவரவர் வீட்டைப் பற்றி ஒரு வாக்கியம், வகுப்பிலேயே எழுத வேண்டும். க்ளௌட்டைப் பாதிப் பேர் மேகம் என்று எடுத்துக்கொண்டார்கள். என் பக்கத்தில் உட்காரும் சோடாபுட்டி, தன் பெரியப்பாவிடம் நிறைய மேகம் இருப்பதாக எழுதியிருந்தாள். டீச்சர் சிரித்து முடிக்க ஐந்து நிமிஷம் ஆனது.

எனக்குப் பிடித்தது அத்தாரிட்டிக்கும் இன்ஃப்ளூயன்ஸுக்கும் உள்ள வித்தியாசம். அத்தாரிட்டி நாற்காலியோடு வருவது. இன்ஃப்ளூயன்ஸுக்கு நாற்காலி வேண்டாம், நின்றுகொண்டு சொன்னாலே நடக்கும். எங்கள் வீட்டில் அத்தாரிட்டி அப்பாவிடம், கன்ட்ரோல் அம்மாவிடம். சித்தி போன் செய்தால் இரண்டு பேரிடமும் ஒன்றும் இருக்காது, அது இன்ஃப்ளூயன்ஸ். இதையே எழுதினேன். ஓரத்தில் 'நன்று' போட்டார்.

மணி ஒன்பதரை. அப்பா இன்னும் வரவில்லை. ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடுகிறவர். அம்மா தையல் மெஷினில் நூல் கோக்காமலே மிதித்துக்கொண்டிருக்கிறாள். கேட்டால் மெஷினுக்கு எண்ணெய் போட்டேன் என்கிறாள்.

ஜூலை 8, புதன்

யார்டில் விபத்து. அப்பாவுக்கு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று அவர்தான் சொல்கிறார்.

அப்பா சரக்கு யார்டில் கிரேன் ஓட்டுகிறார், பதினெட்டு வருஷமாக. அந்தக் கிரேன் ஐந்து டன்னுக்கு மேல் தூக்கக் கூடாது. நேற்றுச் சாயங்காலம் தூக்கியது ஏழு டன் இரும்புச் சுருள். எச்சரிக்கை மணி அடித்தும் தூக்கினார். கம்பிவடம் அறுந்து, சுருள் உருண்டு, கீழே நின்ற கொக்கி மாமாவின் பாதத்தில் ஏறிவிட்டது. கொக்கி மாட்டுகிற வேலை என்பதால் அவருக்கு அந்தப் பெயர். அப்பாவும் அவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

மணி அடித்தும் ஏன் தூக்கினீர்கள் என்று அம்மா நாலு தடவை கேட்டாள். நாலாவது தடவைதான் பதில் வந்தது. மச்சான் தூக்கச் சொன்னாராம்.

மச்சான் என்றால் எங்களுக்கு உறவில்லை. மேனேஜருடைய மனைவியின் தம்பி. யார்டில் எல்லோரும் அவரை முதுகுக்குப் பின்னால் மச்சான் என்றும் முகத்துக்கு முன்னால் சார் என்றும் சொல்வார்கள். ஸ்டோரில் உட்கார்ந்து கையுறையும் போல்ட்டும் எண்ணிக் கொடுப்பதுதான் அவருக்குச் சம்பளம் வருகிற வேலை. கிரேனுக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனாலும் அவர் சொன்னால் சொன்னதுதான். போன வருஷம் இரவு ஷிஃப்ட் ஆபரேட்டர் ஒருவர் முடியாது என்றாராம். அவர் இப்போது எங்கே என்று கேட்டேன். தெரியாது என்றார் அப்பா.

"தெரியாதுன்னா?"

"தெரியாதுன்னா தெரியாது. யார்டுல இல்ல."

ஜூலை 9, வியாழன்

தலைமை அலுவலகத்துக்கு அப்பா இங்கிலீஷில் விளக்கம் கொடுக்க வேண்டுமாம், நாளைக்குள். அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எல்லாம் சரியாகத்தான் போனது, அந்த இடம் வரும்வரை.

"அவரு சொல்லைத் தட்ட முடியாமதான் தூக்கினேன்னு எழுது. பேரு வேண்டாம்."

"யாரு சொல்லைன்னு கேப்பாங்களேப்பா."

"பேரு போட்டா நாம தெருவுல நிக்கணும்மா. செல்வாக்குள்ள ஆளு ஒருத்தர்னு புரியற மாதிரி எழுது. படிக்கிறவனுக்குப் புரியும்."

யோசித்தேன். அத்தாரிட்டி போட முடியாது, மச்சானுக்கு நாற்காலி இல்லை. பவர் என்றால் கரண்ட் மாதிரி இருக்கிறது. பிரஷர் என்றால் அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். கடைசியில் செவ்வாய்க்கிழமை வகுப்பு கைகொடுத்தது. எழுதினேன்: அட் த டைம் ஆஃப் லிஃப்டிங் ஐ வாஸ் அண்டர் த இன்ஃப்ளூயன்ஸ் அண்ட் குட் நாட் ரெஃப்யூஸ். தூக்கும் நேரத்தில் நான் செல்வாக்கின் கீழ் இருந்தேன், மறுக்க முடியவில்லை. யாருடைய பெயரும் இல்லை, பொய்யும் இல்லை. அப்பாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். பிரமாதம் என்றார். எனக்கே கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது.

ஜூலை 10, வெள்ளி

கடிதத்தைக் கிளார்க் அங்கிளிடம் கொடுத்தாயிற்று. சோடாபுட்டியின் அப்பா. யார்டு ஆபீசில் அவர்தான் டைப் அடிப்பவர். ஆபீஸ் படிவத்தில் அடித்து அப்பாவிடம் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டார்.

ஜூலை 14, செவ்வாய்

அப்பா மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தார். அம்மா அதற்குத் திட்டவில்லை, அதிலேயே தெரிந்துவிட்டது.

சஸ்பெண்ட். காரணம், அன்றைக்குக் குடித்துவிட்டுக் கிரேனில் ஏறினாராம். யார் சொன்னது? அவரே எழுதிக் கொடுத்திருக்கிறாராம். மேனேஜர் தாளை மேஜையில் தட்டித் தட்டிச் சொன்னாராம், நீங்களே ஒத்துக்கிட்டப்புறம் நான் என்ன பண்ண முடியும் என்று. தாளைக் கையில் கொடுக்கவில்லை.

அப்பா என்னைக் கூப்பிட்டார். "குடின்னு எங்கயாவது எழுதினியாம்மா?"

"இல்லப்பா. ட்ரிங்க்னு ஒரு வார்த்தையே இல்ல."

"அதானே. என் பொண்ணு எழுதினது தப்பா இருக்காது. நடுவுல எவனோ மாத்தியிருக்கான்."

நடுவில் இருப்பது ஒரே ஒரு ஆள்.

ஜூலை 15, புதன்

யோசிக்க யோசிக்கக் கிளார்க் அங்கிள்தான் என்று படுகிறது. வெள்ளிக்கிழமை தாளை வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கையெழுத்து வாங்க வந்தபோது வாசல்படிக்கு மேல் ஏறவில்லை, அம்மா காபி கொடுத்தும் அவசரம் என்றார். என்ன அவசரம்? படிவத்தைப் படித்துக் காட்டாமலே, இங்க போடு, இங்க போடு என்று இரண்டு இடத்தில் போடவைத்தார். இன்று காலை என்னைத் தூரத்தில் பார்த்ததும் எதிர்ப் பக்கம் போய்விட்டார்.

சோடாபுட்டி வகுப்பில் ரப்பர் கேட்டாள். இல்லை என்றேன். ரப்பர் என் கையில்தான் இருந்தது.

ஜூலை 16, வியாழன்

இதை எழுதக் கூடாது. எழுதுகிறேன்.

அம்மா துவைக்கப் போட்ட அப்பாவின் சட்டையை எடுத்து மோந்து பார்த்தாள். நான் கதவருகில் நின்றது அவளுக்குத் தெரியாது. அவள் போன பிறகு நானும் எடுத்து மோந்து பார்த்தேன். கிரீஸ், வியர்வை. வேறு ஏதாவது இருந்ததா? எனக்கு அந்த வாசனை எப்படி இருக்கும் என்றே சரியாகத் தெரியாது.

அன்றைக்கு ஒன்பதரைக்கு மேல்தானே வந்தார். ஆஸ்பத்திரியில் இருந்தேன் என்றார். யார் பார்த்தார்கள்?

சே. என்ன பெண் நான்.

ஜூலை 18, சனி

மச்சான் வீட்டுக்கு வந்தார்.

நான் நினைத்திருந்தது மீசை, தொந்தி, உரத்த குரல். வந்தவர் ஒல்லியாக, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருந்தார். குரலே எழவில்லை. அப்பாவை அண்ணே என்றார். அம்மாவை அக்கா என்றார். நாற்காலி போட்டும் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

வரும் இருபத்தெட்டாம் தேதி தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மா விசாரணைக்கு வருகிறாராம். அவர் கேட்பதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வந்தால் போதுமாம்.

"குடிச்சது குடிச்சதாவே இருந்துட்டுப் போகட்டும்ணே. ரெண்டு மாசம் வீட்ல இருங்க. மூணாவது மாசம் அதே கிரேன், அதே சீட்டு. நான் இருக்கேன்ல."

அப்பா, நான் குடிக்கலையே சார் என்றார். மச்சான் சிரித்தார். யாருண்ணே குடிச்சீங்கன்னு சொன்னா, எழுதியிருக்குன்னுதானே சொல்றேன் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எழுதினது பாப்பாதானே? கையெழுத்து முத்து முத்தா இருக்கு. நல்லாப் படிக்கணும், என்ன."

அவர் போய் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. போனது டைப் அடித்த படிவம். என் கையெழுத்தை அவர் எங்கே பார்த்தார்?

ஹோல்ட் என்று ஒரு வார்த்தை இருந்ததே. அதற்கு நான் எழுதிய வாக்கியம் மறந்துவிட்டது. இப்போது கேட்டால் சரியாக எழுதுவேன்.

ஜூலை 19, ஞாயிறு

அந்தக் கையெழுத்து விஷயத்தை அப்பாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. நேராகக் கிளார்க் அங்கிள் வீட்டு வாசலுக்குப் போய்விட்டார். பத்து வருஷமாக ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து கேரம் ஆடுகிறவர்கள். தெருவே பார்க்க அப்பா கேட்டது ஒரே கேள்வி. "எதுக்குடா என்னை வித்த?" அங்கிள் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, கூடிய ஆட்களைப் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டார். கூட்டத்தில் ஒருவன், காலையிலேயே ஆரம்பிச்சுட்டாரு போல என்றான்.

ஜன்னலில் சோடாபுட்டியின் கண்ணாடி மட்டும் தெரிந்தது.

ஜூலை 21, செவ்வாய்

நான்தான்.

பஸ் சந்திப்பில் நின்றது. அங்கே ஒரு போலீஸ் போர்டு இருக்கிறது. ஸ்டீயரிங் படம், பக்கத்தில் பாட்டில், குறுக்கே சிவப்புக் கோடு. மூன்று வருஷமாக அந்தப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு போகிறேன். இன்று ஜன்னலோரம் இடம் கிடைத்ததால் கீழே உள்ள எழுத்தைப் படித்தேன். டோன்ட் டிரைவ் அண்டர் த இன்ஃப்ளூயன்ஸ்.

செல்வாக்கின் கீழ் வண்டி ஓட்டாதே என்று ஏன் எழுதுகிறார்கள்? பாட்டில் ஏன்?

லைப்ரரியில் பெரிய அகராதியை எடுத்தேன். நாலாவது அர்த்தம். யாருடைய இன்ஃப்ளூயன்ஸ் என்று பின்னால் 'ஆஃப்' போட்டு ஒரு பெயர் வந்தால் அது செல்வாக்கு. ஒன்றும் வராமல் வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டால், குடிபோதையில் இருப்பது.

பெயர் போடாதே என்றார் அப்பா. நான் போடவில்லை. அந்தக் காலி இடத்தில் பாட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது.

யாரும் எதையும் மாற்றவில்லை. நான் எழுதியதுதான். 'நன்று' வாங்கிய நான்.

ஜூலை 22, புதன்

சொல்லவில்லை.

ஜூலை 23, வியாழன்

சோடாபுட்டியிடம் முதலில் சொன்னேன். அவள் கண்ணாடியைக் கழற்றினாள். அது இல்லாவிட்டால் அவளுக்கு எதிரில் இருப்பது யார் என்றே தெரியாது. அப்படியே என்னைத் திட்டித் தீர்த்தாள். அவள் அப்பா மூன்று நாளாகச் சாப்பிடவில்லையாம். திட்டி முடித்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வா, அப்பாகிட்ட சொல்லு என்றாள்.

கிளார்க் அங்கிள் என் தாளை வைத்திருந்தார். ரெஃப்யூஸில் ஓர் எழுத்தை விட்டிருக்கிறேன், அதைப் பென்சிலால் திருத்தியிருந்தார். மற்றதெல்லாம் வார்த்தைக்கு வார்த்தை நான் எழுதியது.

எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. ஓர் எழுத்து விட்டதைக் கண்டுபிடித்தவருக்கு இது தெரியாதா என்று கேட்டேவிட்டேன்.

"நான் எழுத்தைத்தாம்மா பாப்பேன், அர்த்தத்தைப் பாக்க மாட்டேன். ஒரு நாளைக்கு அறுபது தாளு. அர்த்தம் பாத்தா அடிக்க முடியாது" என்றார்.

நம்பலாமா? முகத்தைப் பார்த்தால் நம்பலாம் போல இருக்கிறது. என் தாள் மச்சான் கைக்குப் போனது எப்படி என்று கேட்டேன். கேட்டார், கொடுத்தேன், பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார் என்றார். ஏன் கொடுத்தீர்கள் என்றதும் பென்சிலைச் சீவ ஆரம்பித்தார். அப்பா ஏன் தூக்கினாரோ அதே காரணம்தான், வேறென்ன.

ஜூலை 24, வெள்ளி

அப்பாவிடம் சொன்னேன். மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். சஸ்பெண்ட் ஆனதிலிருந்து அம்மாவிடமிருந்து அந்த வேலையை வாங்கிக்கொண்டார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன்.

அந்த வார்த்தையைத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"அப்ப அதுக்குச் சாராயம்னு அர்த்தமா?"

"இல்லப்பா. செல்வாக்குன்னும் அர்த்தம். சில இடத்துல போதைன்னும் வரும்."

"ரெண்டுக்கும் ஒரே வார்த்தையா?"

"ஆமாப்பா."

ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே ரொம்ப நேரம் யோசித்தார். "சரியாத்தான் வெச்சிருக்கான் வெள்ளைக்காரன்" என்றார். சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு கிளார்க் அங்கிள் வீட்டுக்குப் போனார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. திரும்பி வந்தபோது கேரம் பலகையில் தூவுகிற பவுடர் விரல்களில் இருந்தது.

ஜூலை 25, சனி

வார்த்தையைத் திருத்துவது சுலபம். பின்னால் ஒரு பெயரைச் சேர்த்தால் போதும். அந்தப் பெயர்தான் கஷ்டம்.

அம்மா வேண்டாம் என்கிறாள். அம்மாதான் முதலில் கொதிப்பாள் என்று நினைத்தேன்.

"குடிகாரன்னு நாலு பேரு சொல்லுவாங்க, கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போயிடும், அவ்வளவுதானே. ரெண்டு மாசத்துல வேலை திரும்ப வருதுங்க. அவரு பேரைச் சொன்னா வருமா? சொல்லுங்க."

குடிகாரன் பெண் என்று பள்ளியில் சொல்வார்களே என்று நான் கேட்டேன். அம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். யாரால் என்று அவள் வாயால் சொல்லவில்லை.

அம்மாவையும் மச்சான் தனியாகப் பார்த்துப் பேசியிருப்பாரோ? கடைக்குப் போனவள் நேற்று அரை மணி நேரம் தாமதமாக வந்தாள். இப்படியே போனால் நான் யாரைத்தான் விட்டுவைப்பேன்.

ஜூலை 26, ஞாயிறு

அப்பாவும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கொக்கி மாமாவின் காலில் மூன்று விரல் போய்விட்டது. கட்டுப் போட்ட கால் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மாமா வழக்கம்போலக் கிண்டல்தான். இனிமேல் அவருக்குச் செருப்பு எட்டரை ஒன்று, ஏழு ஒன்று வாங்க வேண்டுமாம். அப்பா ஆப்பிளை நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அத்தை குடத்தோடு தண்ணீர் பிடிக்க வெளியே போனதும் மாமா குரலைத் தாழ்த்தினார்.

"மாப்ள, கோவிச்சுக்காத. அன்னிக்கு நெஜமாவே போட்டிருந்தியா?"

கத்தி நின்றுவிட்டது.

"யாரு சொன்னா?"

"ஆபீஸ்லேர்ந்து வந்து சொன்னாங்க. நீயே எழுதிக் குடுத்தியாமே. நான் நம்பல. ஆனா ராத்திரி வலியில முழிச்சிட்டிருக்கும்போது நெனப்பு வருதுடா."

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அப்பா, இருபத்தெட்டாம் தேதி உனக்கு ஸ்கூல்ல பரீட்சை இருக்கா என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஜூலை 28, செவ்வாய்

எழுதிவிடுகிறேன், மறப்பதற்குள். மறக்காது, இருந்தாலும்.

அதிகாரி அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அதனால் நான். மேனேஜர் முதலில் சின்னப் பெண் எதற்கு என்றார். கடிதத்தை எழுதியது இவள்தான் என்று கிளார்க் அங்கிள் இங்கிலீஷில் சொன்னார். அவராகவே சொன்னார், யாரும் கேட்கவில்லை. மச்சான் கதவோரம் நின்றுகொண்டிருந்தார்.

போதை என்கிற அர்த்தம் எனக்குத் தெரியாது, நான் எழுத நினைத்தது வேறு என்று சொன்னேன். அந்த அம்மா என்னைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார். உதடு லேசாகத் துடித்தது. சிரிப்பை அடக்கினார் என்று நினைக்கிறேன். அப்புறம் சிரிப்பு இல்லாமல் கேட்டார். அண்டர் ஹூஸ் இன்ஃப்ளூயன்ஸ்?

நான் தமிழில் சொல்வதற்குள் மேனேஜர் முந்திக்கொண்டார். முகத்தில் ஒரு புன்னகை, அந்த அம்மாவுக்காக.

"பாப்பா, தெரியாம தப்பா எழுதிட்டேன்னு மட்டும் சொல்லிட்டு முடிச்சுக்கோ. அப்பாவுக்கு நல்லது."

நான் எதைச் சொன்னாலும் இந்த அறையில் அதுதான் நிற்கும். அப்பாவுக்கு அந்தக் கேள்வி தெரியாது, அந்த அம்மாவுக்கு மேனேஜர் சொன்னது புரியாது. நடுவில் இருப்பது ஒரே ஒரு ஆள்.

"அப்பா, யாரோட செல்வாக்குன்னு கேக்கறாங்க."

அப்பா மச்சானைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு பெயரைச் சொன்னார். இனிஷியலோடு. மச்சானுக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும், வேறு யாரோ மாதிரி இருந்தது. அந்த அம்மா எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார். மூன்றாவது எழுத்தில் எனக்குக் குரல் போய்விட்டது. அப்பா பெயரை மறுபடியும் சொன்னார், இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாக. கிளார்க் அங்கிள் எழுத்துக் கூட்டினார்.

இங்கே அந்தப் பெயரை எழுதவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

பதில் இல்லை. தெருமுனையில் ஒரு பைக் இரண்டு நாளாக நிற்கிறது. ஸ்டோர் ஆள் ஒருவருடையது என்று அம்மா. அவர் மாமியார் வீடு அங்கேதான் என்று சோடாபுட்டி. இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

கடிதம் வந்தது. மூன்று பத்தி. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையையும் பார்த்துப் பார்த்துப் படித்தேன். தெரிந்த வார்த்தையையும் பார்த்தேன்.

முதல் பத்தி: குடித்திருந்தார் என்பது தவறு, பதிவிலிருந்து நீக்கப்படுகிறது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

இரண்டாவது பத்தியை இரண்டு தடவை படித்தேன். விதி நான்கின்படி, எடை அதிகமான எந்தச் சுமையையும், யார் சொன்னாலும், தூக்க மறுக்கும் முழு அத்தாரிட்டி கிரேன் ஆபரேட்டருக்கு உண்டு. மேனேஜர்கூட அதில் தலையிட முடியாது. அந்த அத்தாரிட்டியை அவர் பயன்படுத்தத் தவறிவிட்டார். ஆகையால் ஆறு மாதம் கிரேன் கிடையாது. லாரிகள் நிறுக்கும் எடைமேடையில் வேலை.

மூன்றாவது பத்தி ஒத்துழைப்புக்கு நன்றி. மச்சானைப் பற்றி ஒரு வரி இல்லை. தாளைத் திருப்பியும் பார்த்தேன்.

"என்ன அத்தாரிட்டி? யாருக்கு?" என்றார் அப்பா.

"உங்களுக்குத்தாம்பா. அதிகாரம். முடியாதுன்னு சொல்ல."

"எனக்கா?"

"விதி நாலு. கிரேன்ல உங்க சீட்டுக்கு மேலயே எழுதி வெச்சிருக்குன்னு போட்டிருக்கு."

அப்பா நிமிர்ந்து பார்த்தார், எங்கள் வீட்டுக் கூரையில் அது இருப்பது போல.

"அந்த நீலத் தகடா? அது கிரேன் செஞ்ச கம்பெனி பேருன்னுல்ல நெனச்சேன்."

அம்மா எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அப்பா தனக்குள் சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டது.

"பதினெட்டு வருஷமாவா?"

செப்டம்பர் 11, வெள்ளி

அப்பா எட்டு மணிக்கு வந்தார். எடைமேடையில் ஒரு லாரி மூன்று மணி நேரம் வழியை அடைத்துக்கொண்டு நின்றதாம். ஒன்றரை டன் அதிகம். அப்பா எடைச் சீட்டு எழுதித் தர மறுத்துவிட்டார். டிரைவர் யாருக்கோ போன் போட்டுப் பேசி, பேசச் சொல்றாங்க என்று அப்பாவிடம் நீட்டினாராம். அப்பா வாங்கவில்லை.

"ஏன் வாங்கல?" என்று அம்மா கேட்டாள்.

"கை ஈரமா இருந்துச்சு."

எடைமேடையில் தண்ணீர் ஏது என்று அம்மா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. லாரி என்ன ஆனது என்று மட்டும் கேட்டேன். பின்பக்கமாகவே போய் வெளியேறியதாம், அப்பாதான் நின்று கைகாட்டி வழி சொன்னாராம்.